எர்னி ஹார்வெல்: ஒரு குரலை வேலையிலிருந்து எடுத்த கதை

1990 டிசம்பர் 19 அன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், டைகர்ஸ் பேஸ்பால் அணியின் வானொலி வர்ணனையாளர் எர்னி ஹார்வெல் செய்தியாளர்களைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 72. அந்த அணிக்காக 31 சீசன் பேசியிருந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே பேஸ்பால் வர்ணனைக்கான உச்ச விருதான ஃபோர்டு ஃப்ரிக் விருதையும் வாங்கியிருந்தார். அன்று அவர் சொன்னது சுருக்கமான சேதிதான். வரும் 1991 சீசனோடு தன் வேலை முடிகிறது, அந்த முடிவை எடுத்தது தான் அல்ல.

அடுத்த சில நாட்கள் மிச்சிகன் மாநிலத்தில் வேறு பேச்சே இல்லை. வானொலி நிலையத்தின் தொலைபேசிகள் ஓயவில்லை. கார்களின் பின்பக்கம் எதிர்ப்பு ஸ்டிக்கர்கள் முளைத்தன. அணியின் உரிமையாளர் டாம் மோனகன் டாமினோஸ் பீட்சாவின் அதிபர் என்பதால், இனி அந்தப் பீட்சாவையே வாங்க வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மைதானத்தில் ஒரு பந்தைக்கூட வீசாத, ஒரு ஓட்டம்கூட எடுக்காத மனிதருக்காக இவ்வளவும் நடந்தது.

விளையாட்டு ஒலிபரப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சம்பவத்தை அமெரிக்கர்கள் இன்றும் எடுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் 'நல்லவர் எர்னி, கெட்டவர்கள் நிர்வாகிகள்' என்ற ஒற்றை வரியில் கதையை முடித்துவிடுவார்கள். கதை அவ்வளவு எளிதில்லை. அந்த நிர்வாகிகள் யாரும் முட்டாள்கள் அல்ல. அவர்கள் போட்ட கணக்கில் எந்த வரவு விட்டுப்போனது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குரல்

நம் ஊர் கிரிக்கெட் வர்ணனையை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே தொடருக்குத் தொடர் வர்ணனையாளர்கள் மாறுவார்கள், எந்த அணியின் ஆளும் அல்ல என்ற தோரணையில் பேசுவார்கள். அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் சொந்த வர்ணனையாளர்கள் உண்டு. அணியோடே ஊர் ஊராகப் பயணம் செய்வார்கள், அணியின் எல்லா ஆட்டங்களையும் பேசுவார்கள்.

எல்லா ஆட்டம் என்றால் சும்மா இல்லை. ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும் ஒன்று. ஒரு ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று குறைத்து வைத்தாலும் வருடத்துக்கு 400 மணி நேரம் தாண்டும். அந்த 400 மணி நேரத்தில் பந்து உண்மையில் பறக்கும் நேரம் சொற்பம். மிச்ச நேரமெல்லாம் பந்து வீசும் பிட்சர் தொப்பியைச் சரிசெய்வார், அதைப் பிடிக்கும் கேட்சர் கைவிரலால் சாடை காட்டுவார், பேட்டர் காலணியிலிருந்து மண்ணைத் தட்டுவார். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் வர்ணனையாளரின் வேலை. ஆறு மாதம் தினமும் வீட்டுக்குள் வந்து பேசுகிற ஆளை, கேட்பவர்கள் கொஞ்ச நாளில் வெளியாளாக நினைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

டெட்ராய்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. டைகர்ஸ் ஆட்டங்களை ஒலிபரப்பிய டபிள்யூ.ஜே.ஆர். நிலையம் 760 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் சக்தி கொண்டது. மத்திய அலை வானொலி பகலில் ஓரளவு தூரம்தான் போகும். இருட்டிய பிறகு வான்மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டும். அந்த அலைவரிசையில் மற்ற நிலையங்கள் குறுக்கிடாமல் இருக்கவும் அரசு ஏற்பாடு செய்திருந்தது. அதனால் கார்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவருக்கும், வடக்கே ஏரிக்கரைக் குடிலில் விடுமுறை கழித்தவருக்கும், பக்கத்து மாநிலத்து நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவருக்கும் ஒரே குரல்தான் கேட்டது.

நாக்கு திருந்தாத பையன்

ஹார்வெல் டெட்ராய்ட்காரர் இல்லை. 1918 ஜனவரி 25 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர், அட்லாண்டாவில் வளர்ந்தவர். தென் மாநிலத்து இழுவைப் பேச்சு கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் முடங்கிவிட்டார். அம்மா கேக்கும் சாண்ட்விச்சும் செய்து விற்றுக் குடும்பத்தை ஓட்டினார்.

பையனுக்கு நாக்கு சரியாகத் திரும்பாது. 'ஸ' வராது. கடைக்கு வருகிற பெரியவர்கள் அவனை பேஸ்பால் வர்ணனை செய்யச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்களாம். வீட்டில் இருந்த நிலைமையிலும் பெற்றோர் காசு சேர்த்து அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே மனப்பாடம் செய்த கவிதைகளில் ஒன்று, சாலையோரத்து வீடு ஒன்றைப் பற்றியது. பல ஆண்டுகள் கழித்து அது அவருடைய தொழிலுக்கே உதவியது. அடிக்க வேண்டிய நல்ல பந்தை, அதாவது மூன்றாவது ஸ்டிரைக்கை, அடிக்காமல் விட்டுவிட்டு ஒரு பேட்டர் அவுட் ஆனால், "சாலையோர வீடு மாதிரி நின்று பந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்பார் ஹார்வெல். மிச்சிகனில் ஒரு தலைமுறைக்கே அந்த வரி அத்துபடி.

பதினாறு வயதில், தன் வயதைச் சொல்லாமல், 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழுக்கு அட்லாண்டா நிருபராக எழுதத் தொடங்கினார். எமரி பல்கலைக்கழகத்தில் படிப்பு, உள்ளூர் வானொலியில் விளையாட்டுச் செய்தி, அட்லாண்டா கிராக்கர்ஸ் என்ற சிறு அணிக்கு வர்ணனை, நடுவில் கடற்படைக் காலாட்படையில் நான்கு ஆண்டுகள். இந்த வரிசையில் ஆச்சரியமாக எதுவும் இல்லை. ஆச்சரியம் 1948-இல் வந்தது.

அந்த ஆண்டு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் புகழ்பெற்ற வர்ணனையாளர் ரெட் பார்பர் வயிற்றுப் புண்ணால் படுத்துவிட்டார். அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அட்லாண்டாவில் கேட்ட குரலை வரவழைக்க நினைத்தார். ஹார்வெலின் ஒப்பந்தமோ கிராக்கர்ஸ் கையில். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு கேட்சர் வேண்டும் என்றார் கிராக்கர்ஸ் உரிமையாளர் ஏர்ல் மேன். டாட்ஜர்ஸின் மான்ட்ரியல் கிளை அணியில் இருந்த கிளிஃப் டாப்பர் என்ற கேட்சரைக் கொடுத்து ஹார்வெலை வாங்கினார்கள். ஒரு வர்ணனையாளரை ஒரு ஆட்டக்காரருக்குப் பதிலாக மாற்றிக்கொண்டது பேஸ்பாலின் உச்ச மட்டமான பெரிய லீக் வரலாற்றிலேயே அந்த ஒரு தடவைதான். டாப்பர் பெரிய லீகில் ஆடியது 1942-இல் எட்டே ஆட்டங்கள். அதில் 17 முறை பேட் பிடித்து 8 முறை அடித்திருக்கிறார். அந்தச் சராசரிக்கு இன்னும் கொஞ்சம் வாய்ப்புக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், அது வேறு கதை.

புரூக்ளினில் ஹார்வெல் மைக்கைப் பிடித்த முதல் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே ஜாக்கி ராபின்சன் ஹோம் பேஸைத் திருடினார். பிட்சர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வந்து ஓட்டம் எடுக்கிற, ஆட்டத்திலேயே துணிச்சலான காரியம் அது. அதைப் பேசி முடித்தவருக்கு அப்புறம் என்ன பயம் இருந்திருக்கும்.

குறைவாகப் பேசுவது

ரெட் பார்பரிடம் ஹார்வெல் பார்த்துக் கற்றது நிறைய. பார்பர் தன் மேசையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் தீரும்போதெல்லாம் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். அப்போதுதான் வானொலியைப் போட்டவருக்கு முதலில் வேண்டியது ஸ்கோர்தான் என்பது அவர் பாடம். சாதாரண விஷயமாகத் தெரியும். இன்றைக்கும் எத்தனை வர்ணனையாளர்கள் ஸ்கோரை மறந்துவிட்டுத் தங்கள் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

1950-இல் ஹார்வெல் அதே நகரின் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு மாறினார். புரூக்ளினில் அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர் வின் ஸ்கல்லி என்ற 22 வயது இளைஞர். பின்னாளில் அந்தத் தொழிலின் மிகப் பெரிய பெயர் அவருடையதுதான்.

1951 அக்டோபர் 3 அன்று ஜயன்ட்ஸும் டாட்ஜர்ஸும் மோதிய கடைசி ஆட்டத்தில் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தை எல்லைக்கு வெளியே அனுப்புவது), பேஸ்பாலில் அதிகம் பேசப்பட்ட அடிகளில் ஒன்று. அன்று தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர் ஹார்வெல். பந்து பறந்ததும் "போய்விட்டது" என்ற அளவில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். படம்தான் தெரிகிறதே, மேலே எதற்குப் பேச்சு? அதே நேரம் வானொலியில் ரஸ் ஹாட்ஜஸ் தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் கத்தலை யாரோ வீட்டில் நாடாவில் பதிவு செய்துவிட்டார்கள், அது சாகாவரம் பெற்றுவிட்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பு பதிவாகவே இல்லை. அன்று அவர் பேசியதைச் சாட்சி சொல்லத் தானும் தன் மனைவி லூலுவும்தான் மிச்சம் என்று ஹார்வெலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1954-இல் பால்டிமோருக்கு ஓரியோல்ஸ் அணி வந்தபோது அதன் முதல் குரலாக அங்கே போனார். 1960-இல் டெட்ராய்ட். இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. அவருக்கு முன் டைகர்ஸுக்குப் பேசிய வான் பேட்ரிக், ஒரு பீர் நிறுவனத்தின் முகமாகவே ஆகிப்போயிருந்தார். ஸ்பான்சர் வேறு பீர் நிறுவனத்துக்கு மாறியதும் அவருக்கு வேலை போனது. அந்த நாற்காலியில்தான் ஹார்வெல் உட்கார்ந்தார். அணியில் ஆடி ஓய்ந்து வர்ணனைக்கு வந்திருந்த ஜார்ஜ் கெல் சிபாரிசு செய்தார். முன்னவரின் வேலைநீக்கம்தான் இவருக்கு வாசல் திறந்தது.

மிச்சிகன் மற்றும் ட்ரம்புல் தெருக்களின் முனையில் இருந்த டைகர் ஸ்டேடியத்தில் வர்ணனை அறை கிட்டத்தட்ட ஆடுகளத்தின் மேலேயே தொங்கும். பேட்டருக்கும் அறைக்கும் அவ்வளவு குறைந்த தூரம். கீழே நடுவரும் கேட்சரும் முணுமுணுப்பது காதில் விழும், கோட்டுக்கு வெளியே தெறிக்கும் ஃபவுல் பந்து நேராக அறைக்குள் சீறி வரும். அங்கிருந்து அவர் பேசியதில் ஒரு வழக்கத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பேஸ்பாலில் பந்து ரசிகர்கள் பக்கம் போனால் திருப்பித் தர வேண்டியதில்லை. பிடித்தவருக்கே சொந்தம். அப்படி ஒரு ஃபவுல் பந்து கூட்டத்துக்குள் விழும்போது ஹார்வெல், "அதை இப்சிலாண்டிக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார்" என்பார். அடுத்ததை சாகினாவிலிருந்து வந்த ஒரு அம்மா பிடிப்பார், அதற்கடுத்தது பே சிட்டிப் பையன் ஒருவனுக்குக் கிடைக்கும். உண்மையில் பிடித்தவர் எந்த ஊர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்த ஊரைச் சொல்வார். வீட்டில் கேட்ட குழந்தைகளோ, இவருக்கு மாநிலத்தில் இருக்கும் அத்தனை பேரையும் தெரியும் போலிருக்கிறது என்று வாயைப் பிளந்தார்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் அவரைப் பார்க்கும்போது, எங்கள் ஊருக்கும் ஒரு பந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் ஒரு தடவையாவது வானொலியில் ஒலித்தது. மாநில சுற்றுலாத் துறை காசு கொட்டினாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைத்திருக்காது.

ஹோம் ரன் என்றால் "ரொம்ப தூரம் போய்விட்டது" என்று இழுப்பார். ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் ஆனால், ஒன்றின் விலைக்கு இரண்டு என்பார். வருடா வருடம் பயிற்சி ஆட்டங்களின் முதல் ஒலிபரப்பை பைபிளின் உன்னதப்பாட்டிலிருந்து தொடங்குவார்: "இதோ, மாரிகாலம் சென்றது, மழைபெய்து ஒழிந்தது." மிச்சிகனில் அப்போது ஜன்னலுக்கு வெளியே பனி இருக்கும். அவர் பேசுவதோ ஃபுளோரிடாவின் லேக்லாண்டிலிருந்து. அதைக் கேட்டால்தான் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்கு.

1968-இல் ஒரு தேசிய கீதம்

ஹார்வெல் எப்போதும் எல்லோருக்கும் நல்லவராகவே இருந்துவிட்டுப் போனார் என்று நினைத்துவிடக் கூடாது. 1967 ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது. இனப் பதற்றம் கலவரமாகி 43 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு டைகர்ஸ், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குப் போனது. டெட்ராய்டில் நடந்த ஆட்டங்களுக்குத் தேசிய கீதம் பாட ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, பாட்டு எழுதும் பழக்கமும் உள்ள ஹார்வெலிடம் வந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் அழைத்தவர் ஹோசே ஃபெலிசியானோ. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த, பார்வையற்ற, 23 வயதுப் பாடகர்.

அவர் கிதாரை மீட்டிக்கொண்டு கீதத்தைத் தன் பாணியில் நிதானமாக, ஆன்மா உருகப் பாடினார். இன்று கேட்டால் இதிலென்ன தப்பு என்று தோன்றும். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நாட்டை அவமதித்துவிட்டார்கள் என்று தொலைக்காட்சி நிலையத்துக்கும் அணிக்கும் கண்டனங்கள் குவிந்தன. ஃபெலிசியானோவின் பாடல்களைப் பல வானொலிகள் நிறுத்தின. தேர்ந்தெடுத்தவர் என்று ஹார்வெலும் அடிபட்டார், வேலை போகும் நிலைமை வரை போனது. அவர் பின்வாங்கவில்லை. நல்ல பாடகர், நன்றாகப் பாடினார் என்ற நிலையிலேயே நின்றார். டைகர்ஸ் அந்தத் தொடரை வென்றது. பேச்சும் அடங்கியது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், 1990-இல் மக்கள் அவருக்காகத் திரண்டதை வெறும் இனிமையான தாத்தா மீதான பாசம் என்று குறைத்து எடைபோடுகிறவர்கள் உண்டு. அந்த ஊரின் மிக மோசமான இரண்டு ஆண்டுகளில் அவர் அங்கேயே இருந்தார், அடி வாங்கினார், போகவில்லை. வேலையில் இருந்த ஒழுங்கும் அப்படியே. 55 ஆண்டுப் பெரிய லீக் வாழ்க்கையில் அவர் தவறவிட்ட ஆட்டங்கள் இரண்டே இரண்டு என்பது கணக்கு. ஒன்று உடன்பிறந்த சகோதரரின் இறுதிச் சடங்கு, மற்றது அவருக்கே நடந்த ஒரு கௌரவ விழா.

கணக்கு எங்கே இடித்தது

சரி, 1990-க்கு வருவோம். டைகர்ஸ் நிர்வாகத்துக்கு அந்த ஜனவரியில் புதுத் தலைவர் வந்திருந்தார். போ ஷெம்பெக்லர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து அல்ல) அணியை 1969 முதல் 21 சீசன் நடத்திய பயிற்சியாளர். அந்த மாநிலத்தில் அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹார்வெலைவிட அவருக்குத்தான் ரசிகர்கள் அதிகம் என்று பந்தயம் கட்டியிருந்தால்கூட பலர் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

நிலையமும் அணியும் சேர்ந்து சொன்ன காரணம், புதிய திசையில் போக வேண்டும் என்பது. வியாபாரமாகப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வர்ணனையாளருக்கு 73 வயது ஆகப்போகிறது. அவருடைய கூட்டாளி பால் கேரியும் 1991-உடன் விலகினார். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இளவட்டக் கேட்பாளர்கள் வேண்டும். பழைய குரல் திடீரென்று ஒருநாள் நின்றுபோவதற்கு முன்னால் மாற்று ஏற்பாடு செய்வது எந்த மேலாளரும் யோசிக்கிற விஷயம்தான். முன்னுதாரணங்களும் நிறைய. நியூயார்க் யாங்கீஸ் அணி 1964-இல் தன் வர்ணனையாளர் மெல் ஆலனை அனுப்பியது. 1966-இல் அதே யாங்கீஸ், வெறும் 413 பேர் வந்திருந்த மைதானத்தின் காலி இருக்கைகளைக் காட்டச் சொன்ன ரெட் பார்பரை அனுப்பியது. செயின்ட் லூயிஸ் 1969-இல் ஹாரி கேரேயை அனுப்பியது. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் கோபப்பட்டார்கள், ஒவ்வொரு முறையும் உலகம் சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆறு மாதம் கத்துவார்கள், அப்புறம் பழகிவிடும் என்று டெட்ராய்டிலும் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

முதல் கோளாறு, காலம். ஒரு முழு சீசன் முன்கூட்டியே அறிவித்ததால், வேலையிலிருந்து எடுக்கப்பட்டவர் அடுத்த பத்து மாதமும் தினமும் மைக் முன்னால் இருந்தார். கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இரவும் அது நினைவுக்கு வந்தது. ஹார்வெல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வழக்கம்போல ஸ்கோரைச் சொன்னார், ஃபவுல் பந்தை ஊர் ஊராகப் பங்கிட்டார். அவர் புலம்பியிருந்தால்கூட மக்கள் சலித்திருப்பார்கள். புலம்பாதவரை என்ன செய்வது? போன ஊர்களிலெல்லாம் எதிரணிகள் அவருக்கு மரியாதை செய்து அனுப்பின.

இரண்டாவது, பதில் சொன்ன விதம். எவ்வளவு கூச்சல் போட்டாலும் இது மாறப்போவதில்லை என்ற தொனியில் ஷெம்பெக்லர் பேசினார். கால்பந்து உடைமாற்று அறையில் அந்த மிடுக்கு செல்லும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'இல்லையென்று சொல்லுங்கள், போ' என்று அவரைப் பெயர் சொல்லிக் கேட்ட வாசகம் தலைப்புச் செய்தியானது. பின்னாளில் வானொலி நிலையத்தின் அப்போதைய மேலாளர், முடிவு தன்னுடையது என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதற்குள் பழி முழுக்க ஷெம்பெக்லர் தலையில் இறங்கி உறைந்துவிட்டது. ஒலிபரப்பு உரிமை வைத்திருப்பது நிலையம், சம்மதம் கொடுப்பது அணி. இப்படி இரண்டு எஜமானர்கள் இருக்கும் ஏற்பாட்டில் யார் நீக்கினார்கள் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்ட வசதி. மக்களுக்கு அந்த ஒப்பந்த நுணுக்கம் தேவைப்படவில்லை, அவர்களுக்கு ஒரு முகம் போதும்.

1991 அக்டோபர் 6 அன்று சீசனின் கடைசி ஆட்டம் பால்டிமோரில். அது மெமோரியல் ஸ்டேடியத்தில் ஓரியோல்ஸ் ஆடிய கடைசி ஆட்டமும்கூட. 1954-இல் அந்த மைதானத்தில் ஓரியோல்ஸின் முதல் சீசனைப் பேசியவரே அதன் முடிவையும் பேசினார். அட்டவணை போட்டவர்கள் இதையெல்லாம் யோசித்தா போட்டிருப்பார்கள்?

1992-இல் புதியவர்கள் வந்தார்கள். சியாட்டில் அணியிலிருந்து ரிக் ரிஸ், கூட பாப் ராத்பன். இந்தக் கதையில் எனக்கு அதிகம் பரிதாபம் இவர்கள் மேல்தான். யாரையும் தள்ளிவிட்டு வரவில்லை, காலியான வேலைக்கு வந்தார்கள். போதாக்குறைக்கு அந்த ஆண்டு டைகர்ஸ் 75 வென்று 87 தோற்றது. இரவுக்கு இரவு தோல்வியைச் சொல்லும் அந்நியக் குரல்களை யார் ரசிப்பார்கள்? திறமை இல்லாதவர்களா என்றால் இல்லவே இல்லை. ரிஸ் பின்னர் சியாட்டிலுக்கே திரும்பிப் போய் அந்த ஊரின் செல்லக் குரல்களில் ஒன்றானார். ராத்பன் அட்லாண்டா ஹாக்ஸ் கூடைப்பந்து அணியின் தொலைக்காட்சிக் குரலாக நீண்ட காலம் நிலைத்தார். அதே ஆட்கள், அதே திறமை. டெட்ராய்டில் எடுபடவில்லை, வேறு ஊரில் கொண்டாடப்பட்டார்கள். புதிய வர்ணனையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது குரல் மாதிரியைக் கேட்டு மதிப்பெண் போடலாம். முன்னவர் எப்படிப் போனார் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

1992 ஆகஸ்டில் மோனகன் ஷெம்பெக்லரை வேலையிலிருந்து நீக்கினார். சேதி ஃபேக்ஸில் போனது. அதே மாதம் அணியை 8.5 கோடி டாலருக்கு மைக் இலிட்ச் வாங்கினார். இலிட்ச் இளவயதில் டைகர்ஸின் கிளை அணிகளில் ஆடியவர், பின்னாளில் லிட்டில் சீசர்ஸ் பீட்சாவை நிறுவியவர். ஒரு பீட்சாக்காரர் காலத்தில் போன வேலையை இன்னொரு பீட்சாக்காரர் திருப்பிக் கொடுத்தார். அணி கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஹார்வெலை அழைத்தது. 1993-இல் ரிஸ், ராத்பன் ஆகியோரோடு சேர்ந்து ஆட்டத்தின் சில இன்னிங்ஸ்களை அவர் பேசினார். 1994 முதல் 1998 வரை தொலைக்காட்சி. 1999-இல் முழுநேரமாக வானொலிக்கே திரும்பினார். அப்போது வயது 81. வயது காரணமாக எட்டு ஆண்டுக்கு முன் அனுப்பப்பட்டவர்.

அந்த செப்டம்பரில் டைகர் ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டம் நடந்தது. பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் களத்துக்குள் நடந்துவந்த பிறகு, மைதானத்துக்கு விடைகொடுத்துப் பேசியவர் ஹார்வெல்தான்.

தானாக எடுத்த முடிவு

இரண்டாவது தடவை போகும் நாளை அவரே குறித்தார். 2002 சீசன் தொடங்குவதற்கு முன்பே இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். டைகர்ஸுக்கு அது படுமோசமான ஆண்டு, 106 தோல்விகள். அந்த செப்டம்பரில் புதிய காமெரிகா பார்க் மைதானத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். விழாவுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் கிளிஃப் டாப்பர். 1948-இல் ஒருவருக்கு ஒருவர் என்று பண்டமாற்றம் செய்யப்பட்ட அந்த இரண்டு பேரும் நேரில் சந்தித்தது 54 ஆண்டுகள் கழித்து, அன்றைக்குத்தான்.

செப்டம்பர் 29 அன்று டொரண்டோவில் கடைசி ஆட்டம். முடிந்ததும் சில நிமிடம் பேசினார். விடைபெறுவது வருத்தமான காரியம், அதனால் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன் என்று தொடங்கி, தன்னை ஏரிக்கரைக் குடிலுக்கும் கடற்கரைக்கும் வேலைசெய்யும் இடத்துக்கும் வீட்டுக் கொல்லைக்கும் கூட்டிக்கொண்டு போனதற்காகக் கேட்பவர்களுக்கு நன்றி சொன்னார். சின்ன வயதில் டிரான்சிஸ்டரைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக் கேட்டவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அந்த ஒரு வாக்கியத்தில் மிச்சிகனில் பாதிப்பேருடைய அம்மாக்களுக்குத் தெரியாத ரகசியம் இருந்தது. 1991 பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல் இல்லை.

2009 செப்டம்பரில், 91 வயதில், பித்தநாளத்தில் குணப்படுத்த முடியாத புற்றுநோய் இருப்பதை அவரே வெளியிட்டார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். அதே மாதம் 16-ஆம் தேதி, கான்சாஸ் சிட்டி அணியுடனான ஆட்டத்தின் நடுவே அவரைக் களத்துக்கு அழைத்தார்கள். காகிதம் எதுவும் கையில் இல்லாமல் சுமார் இரண்டு நிமிடம் பேசினார். தன் நோயைப் பற்றிக் குறைவாகவும் மிச்சிகன் மக்களைப் பற்றி அதிகமாகவும் பேசினார். இரு அணி ஆட்டக்காரர்களும் எழுந்து நின்று கேட்டார்கள்.

2010 மே 4 அன்று நோவியில் உள்ள வீட்டில் காலமானார். வயது 92. லூலுவோடு வாழ்ந்தது 68 ஆண்டுகள். இரண்டு நாள் கழித்து, மே 6 காலை 7 மணிக்கு காமெரிகா பார்க்கின் வாயில்கள் திறந்தன. உள்ளே அவருடைய சிலைக்கு அருகில் உடல் வைக்கப்பட்டிருந்தது. அன்று பகலும் இரவும் வரிசை நகர்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து போனார்கள். டைகர்ஸ் அப்போது வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. அணி ஊர் திரும்பி ஆடிய முதல் ஆட்டம் மே 10 அன்று. அன்றைக்குத் தேசிய கீதம் பாட ஹோசே ஃபெலிசியானோவை அழைத்திருந்தார்கள். 1968-இல் பாடிய அதே பாணியில், கிதாரோடு பாடினார்.